அணில் வரும் வெள்ளிக்கிழமை

கிரிம்ஸ்பி
இங்கிலாந்து
பிப்ரவரி 4, 2013

க்ளென்,

எண் காட்டாத அழைப்புகளை நான் எடுப்பதில்லை. அவற்றில் ஒன்றிரண்டு சிறையிலிருந்து நீ செய்தவையாக இருக்கலாம். மற்றவை கடன்காரர்கள் உன்னைத் தேடிச் செய்பவை. ஆகவே கடிதம்.

வெள்ளிக்கிழமை மறுபடி அணில் வந்தது. கால் மணி நேரத்தில் கடன் என்று டிவி விளம்பரத்தில் வாலை ஆட்டுமே, அந்தக் கடன் கம்பெனியின் அணில். காலை ஷிஃப்டுக்குப் போகும் வழியில் பணம் எடுக்கும் இயந்திரத்தில் பேங்க் அட்டையைச் சொருகினேன். வாரச் சம்பளம் வந்திருந்தது. போயும் இருந்தது. மிச்சம் பதினொரு பவுண்டு.

டிசம்பரிலிருந்து இப்படித்தான். நீ கடன் வாங்கியது இருநூறு. அது எப்போதோ அடைந்திருக்கும். இப்போது எடுப்பது எதற்கு என்று யாரும் எனக்குச் சொல்ல மாட்டார்கள். கம்பெனிக்குப் பேசினேன்.

"உங்க பேர்ல இங்க கணக்கே இல்லீங்களே மேடம்."

"என் கார்டுலேருந்துதானே எடுக்கறீங்க?"

"அதைக் கடன் வாங்கினவர்கிட்டதான் பேச முடியும்."

"அவன் ஜெயில்ல இருக்கான்."

"அப்போ அவரை எங்களுக்கு ஒரு ஃபோன் போடச் சொல்லுங்க. வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?"

நவம்பரில் நான் குளித்துக்கொண்டிருந்தபோது என் பையைத் திறந்து அட்டையின் எண்ணை எழுதிக்கொண்டாய். கடன் உன் பெயரில். பணம் உன் கையில். திருப்பித் தருவது என் அட்டை. பிறகு செம்புக் கம்பி திருடியதற்காக உன்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். இதற்காக இல்லை.

கத்த வேண்டும் என்று தோன்றவில்லை. பயமாக இருக்கிறது. என் வீட்டுக்குள் ஒரு கை இருக்கிறது, அது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அப்படி ஒரு பயம். சமையலறையில் விளக்கைப் போடாமலே நிற்கிறேன். காசு போட்டால்தான் ஓடும் மின்சார மீட்டரில் காசு குறைவாக இருப்பது ஒரு காரணம். அது மட்டும் காரணம் இல்லை.

இதை எப்படி நிறுத்துவது? ஆரம்பித்தவனுக்குத் தெரிந்திருக்கும்.

ஜனீன்


சிறை, பி பிரிவு
பிப்ரவரி 9

அக்கா,

உன் கடிதம் திறந்துதான் வந்தது. இங்கே எல்லாம் திறந்துதான் வரும். யார் படித்தார், எவ்வளவு தூரம் படித்தார், தெரியாது. அட்டை பற்றிய பத்தியைக் கட்டிலில் உட்கார்ந்து பலமுறை படித்தேன். என் கண்ணால் இல்லை, ஒரு காவலரின் கண்ணால். தயவுசெய்து அதை இனி எழுதாதே. "அந்த விஷயம்" என்று எழுது. எனக்குப் புரியும்.

கம்பெனியோடு நான் பேச முடியாது. அனுமதி கிடைத்த எண்களுக்கு மட்டுமே இங்கிருந்து அழைக்கலாம். மனு போட்டிருக்கிறேன். அனுமதி வந்தாலும் அவர்கள் பாட்டுப் போட்டுக் காக்க வைப்பார்கள். என் ஃபோன் காசு பாட்டிலேயே தீர்ந்துவிடும்.

நீ பேங்குக்குப் போ. கணக்கிலிருந்து தானாகப் போகிற எல்லாவற்றையும் நிறுத்தச் சொல். ஒன்று விடாமல். அதில் அணிலும் நின்றுவிடும்.

இங்கே குளிர். சன்னல் முழுதாக மூடுவதில்லை. என் அறைக்கூட்டாளி காலுறைகளை அதில் அடைத்து வைத்திருக்கிறான். என் காலுறைகள்.

இன்னொன்று. கேட்கிற நேரம் இது இல்லை என்று தெரியும். காலில் கண்காணிப்புக் கருவி மாட்டி, தண்டனை முடியும் முன்பே வீட்டுக்கு அனுப்பும் பட்டியலில் என் பெயர் வந்திருக்கிறது. எல்லாம் சரியாக நடந்தால் மே மாதம். இல்லாவிட்டால் செப்டம்பர். அதற்கு ஒரு முகவரி வேண்டும். உன்னுடையதைக் கொடுத்தேன். வேறு எதைக் கொடுப்பது?

நான் அங்கே தங்கச் சம்மதமா என்று உன்னிடம் கேட்பார்கள். மார்ச்சில் என்று நினைக்கிறேன்.

க்ளென்


கிரிம்ஸ்பி
பிப்ரவரி 18

க்ளென்,

திறந்து படிப்பவருக்கும் வணக்கம்.

நீ சொன்னதைச் செய்தேன். செவ்வாய்க்கிழமை ஷிஃப்ட் முடிந்து மீன் வாடையோடு பேங்குக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் இருந்தவள் தள்ளி நின்றாள்.

"எல்லாத்தையுமா நிறுத்தணும்?" என்று கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கேட்டாள்.

"தானாப் போறது எல்லாம்."

"நிச்சயமாத்தான் சொல்றீங்களா?"

"நிச்சயமா."

அவள் ஒவ்வொன்றாக அழுத்தினாள். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. அன்று நன்றாகத் தூங்கினேன். வியாழன்கூடத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை அணில் வந்து எடுத்துக்கொண்டு போயிருந்தது. அதே நாள் போக வேண்டிய வீட்டு வாடகை போகவில்லை. தண்ணீர், நகராட்சி வரி, எதுவும் போகவில்லை. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன், க்ளென். அதைத் தவிர.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுச் சொந்தக்காரர் பெட்ச் வந்தார். அவர் வீடு தேடி வருவது நல்லதற்கு இல்லை. தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"என்ன ஜனீன், வாடகை வரலையே."

"பேங்க்ல ஒரு தப்பு நடந்துபோச்சு, மிஸ்டர் பெட்ச்."

"தப்பு எங்க நடந்தாலும் கடைசில என் தலையிலதாம்மா வந்து விழுது. ஏற்கனவே ஜனவரி பாதி நிக்குது. மார்ச் கடைசி வரைக்கும் பாக்கறேன். அதுக்கு மேல பேச்சு கிடையாது, வக்கீல்தான்."

போகும்போது சன்னல் சட்டத்தை விரலால் தட்டிப் பார்த்தார். தன் பொருள் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பவரைப் போல.

இன்று மதியம் மறுபடி பேங்க். அதே பெண். பாவம், அவளுக்கே முகம் சிவந்துவிட்டது. அணில் எடுப்பது மற்றவை போல இல்லையாம். அட்டையின் எண்ணை வைத்துக் கடையில் பொருள் வாங்குவதைப் போல எடுக்கிறார்களாம். அவள் திரையில் அது வராதாம். நிறுத்த வேண்டியவர்கள் கம்பெனிக்காரர்களாம். அவர்களோ உன்னோடுதான் பேசுவார்களாம். நீ மனு போட்டிருக்கிறாய்.

புது அட்டைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். புது எண். அதை எவனுக்கும் காட்ட மாட்டேன்.

மே மாதம் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். அதைப் பற்றி இப்போது எழுத வரவில்லை.

ஜனீன்


சிறை, பி பிரிவு
பிப்ரவரி 24

அக்கா,

வாரத்துக்கு ஒரு கடிதம்தான் இலவசம். அதனால் இத்தனை நாளும் மனதுக்குள்ளேயே எழுதி அடித்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னது நான். நல்லதுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தேன். நான் நினைப்பது எல்லாமே அப்படித்தான் ஆரம்பிக்கிறது.

எதிர் அறையில் டெஸ்மண்ட் என்று ஒருவர். ஐம்பது வயது இருக்கும். வெளியே இருந்தபோது இதே மாதிரி ஒரு கடன் கம்பெனியில் ஃபோனில் வசூல் செய்தவர். என் வாரப் புகையிலை முழுவதையும் வாங்கிக்கொண்டுதான் வாயைத் திறந்தார்.

"உங்கக்கா புது கார்டு வாங்கியிருக்காளா? ஐயோ பாவம். பழைய நம்பர் செத்தா பேங்க்கே புது நம்பருக்கு வழி விட்டுடும் தம்பி. ரெண்டு நாள் லேட்டாகும், அவ்வளவுதான்."

"அதுக்கு இரக்கமே இல்லையா?"

"இரக்கமும் இல்ல, கோபமும் இல்ல. மெஷின்டா அது. முழுசாக் கேக்கும். இல்லேன்னா பாதி. அதுவும் இல்லேன்னா கால். ஏதாவது விழற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருக்கும். விழுந்துச்சுன்னு வை, இது நல்ல கணக்குன்னு குறிச்சு வெச்சுக்கும். நாங்கள்லாம் பக்கத்துல உக்காந்து டீ குடிச்சுட்டிருப்போம்."

பிறகு அவர் சொன்னதைக் கவனமாகக் கேள். கம்பெனியிடம்தான் போக வேண்டும் என்று பேங்க் சொன்னால் அது தப்பு. அவர்களில் பாதிப் பேருக்கே தெரியாது. நீ சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். இந்தக் கம்பெனி என் அட்டையிலிருந்து பணம் எடுப்பதற்கான சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன். சம்மதம் உன்னுடையது, கம்பெனியுடையது இல்லை. அதை எழுத்தில் கொடு, தேதி போட்டு வாங்கு. அதற்குப் பிறகு ஒரு பென்னி போனாலும் பேங்க்தான் திருப்பித் தர வேண்டும். "அந்தப் பொண்ணு முடியாதுன்னா அவளோட மேனேஜரைக் கூப்பிடச் சொல்லு. அவன் முடியாதுன்னா அங்கயே நாற்காலியைப் போட்டு உக்காந்துக்கச் சொல்லு" என்றார் டெஸ்மண்ட்.

உன் வீட்டைப் பார்க்க வருவதற்கான முகவரிக் காகிதம் நன்னடத்தை அலுவலகத்துக்குப் போய்விட்டதாம். அதிகாரி சொன்னார்.

புகையிலை இல்லாமல் கை என்ன செய்வது என்று தெரியாமல் இருக்கிறது. எழுதுகிறது.

க்ளென்


கிரிம்ஸ்பி
மார்ச் 4

க்ளென்,

புது அட்டை புதன்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை அணில் அதைக் கண்டுபிடித்துவிட்டது. டெஸ்மண்ட் சொன்ன இரண்டு நாள் தாமதம்கூட ஆகவில்லை. நான் அந்த எண்ணை உரக்கப் படித்ததுகூட இல்லை.

இன்று உன் வாக்கியத்தை எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போனேன். மேனேஜர் வந்தான். ஹோல்ராய்ட். என்னைவிடச் சின்னவன், கழுத்துப் பட்டை இறுக்கமாக. உள்ளே கூட்டிக்கொண்டு போய் நாற்காலி போட்டான். தண்ணீர் கொடுத்தான். மரியாதையாகத்தான் பேசினான். அதனால்தான் பயம்.

"சம்மதத்தைத் திரும்பப் பெறலாங்க, தாராளமா. ஆனா முதல்ல சம்மதம் குடுத்திருந்தீங்களா?"

நான் தண்ணீரைக் குடித்தேன்.

"கடன் வேற ஒருத்தர் பேர்ல இருக்கு. கார்டு உங்களுது. அதான் கேக்கறேன். குடுத்தேன்னா, இனிமே போறதை நிறுத்திடலாம். போனது போனதுதான். குடுக்கலேன்னா உங்களுக்கு இன்னும் நல்லது. டிசம்பர்லேருந்து போன அத்தனையும் திரும்பி வந்துடும். யார் நம்பரை எடுத்தாங்கன்னு மட்டும் எழுதணும்."

"எழுதினா?"

"அது போலீஸ்க்குப் போகும். எங்க கையில இல்லீங்க." பிறகு குரலைத் தாழ்த்தினான். "பெரும்பாலும் தெரிஞ்சவங்கதான். இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல."

தாளில் இரண்டு கட்டங்கள். சம்மதம் கொடுத்தேன். கொடுக்கவில்லை. அவனே பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தான். நான் யோசிக்க வேண்டும் என்று எழுந்து வந்துவிட்டேன். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறான்.

போன பணம் வந்தால் பெட்ச்சுக்கு முழு பாக்கியும் கொடுக்கலாம். வராவிட்டால் மார்ச் கடைசி எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. நம்பரை எடுத்தது நீ என்று எழுதினால் உனக்கு எப்படி இருக்கும் என்பது மட்டும் தெரிகிறது. போலீஸ் என்றால் மே இல்லை. செப்டம்பர்கூட இல்லாமல் போகலாம்.

நான் எதுவும் கேட்கவில்லை. சொல்கிறேன், அவ்வளவுதான். உண்மை எது என்பது நம் இருவருக்கும் தெரியும். இதைத் திறந்து படித்தவருக்கும் இந்நேரம் தெரிந்திருக்கும்.

ஜனீன்


சிறை, பி பிரிவு
மார்ச் 6

அக்கா,

கடிதம் இப்போதுதான் வந்தது. நாளை வியாழன். இது வெள்ளிக்கு முன் உன்னிடம் வராது. ஆகவே இதில் நான் கேட்பதற்குப் பயன் இல்லை. இருந்தும் காசு கொடுத்துத் தபால் தலை வாங்கினேன்.

கொடுத்தேன் என்று போடு.

எழுதிவிட்டேன். அடிக்கலாமா என்று பார்த்தேன். அடித்தாலும் அடியில் இருப்பது தெரியும்.

இந்தப் பிரிவில் ஒருவன் வெளியே போகத் துணிகளை மடித்து வைத்திருந்தான். கதவைத் திறந்து பெயரைச் சொன்னார்கள். பழைய வழக்கு ஒன்று கிளம்பியிருக்கிறது. அவன் துணிகளை மறுபடி அலமாரியில் அடுக்கினான். சட்டை சட்டையோடு. அன்றிலிருந்து காவலர்களின் பூட்ஸ் சத்தம் என் கதவைத் தாண்டும்வரை நான் மூச்சு விடுவதில்லை.

உன் வீட்டை நினைக்காமல் இல்லை. பெட்ச் சன்னலைத் தட்டியதை நினைத்தேன். நினைத்துவிட்டு மறுபடி என் கதவை நினைத்தேன்.

நீ எந்தக் கட்டத்தில் போட்டாலும்

இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை.

க்ளென்


கிரிம்ஸ்பி
மார்ச் 21

க்ளென்,

உன் கடிதம் வருவதற்கு முன்பே போய்விட்டேன். நீ கேட்டதால் செய்யவில்லை என்று உனக்குத் தெரிய வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

கொடுத்தேன் என்று போட்டேன். கையெழுத்தும் போட்டேன். ஹோல்ராய்ட் தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "சரிங்க" என்றான். நம்பவில்லை. முத்திரை குத்தினான். பிறகு சம்மதத்தைத் திரும்பப் பெறும் தாள். அதற்கும் ஒரு முத்திரை.

மறுநாள் சம்பளம் முழுதாக இருந்தது. அணில் கேட்டிருக்கிறது, பேங்க் மறுத்திருக்கிறது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. முழுவதையும் வெளியே எடுத்தேன். தொழிற்சாலையில் உள்ளே எதையும் கொண்டுபோக விடமாட்டார்கள். வெள்ளை ரப்பர் பூட்ஸுக்குள் காலுக்கு அடியில் வைத்துக்கொண்டு நாள் முழுதும் மீன் துண்டு அடுக்கினேன்.

"ஏன்டி நொண்டறே?" என்றாள் பக்கத்தில் நின்று அடுக்கிய மாக்சின்.

"கால் ஆணி."

"மொகத்துல சிரிப்போட கால் ஆணி வர்றதை இப்பதான்டி பாக்கறேன்."

சிரித்தேனா, தெரியாது. போன வாரமும் முழுதாக இருந்தது. அதையும் வெளியே எடுத்தேன். டிவியை மாக்சினின் மச்சானுக்கு விற்றேன். எல்லாவற்றையும் சேர்த்து பெட்ச் கையில் வைத்தேன். ஈரமாக இருக்கிறதே என்றார். மிச்சத்தை வாராவாரம் தருவதற்கு ஒப்புக்கொண்டார். மனமில்லாமல்தான். போன பணம் போனதுதான். அதை உனக்காக விட்டேன் என்று வைத்துக்கொள்.

இப்போது மற்றது.

செவ்வாய்க்கிழமை உன் விஷயமாக ஒரு பெண் வந்தாள். நன்னடத்தை அலுவலகத்திலிருந்து. அறைகளைப் பார்த்தாள். உன் கால் கருவியைக் கண்காணிக்கும் பெட்டியை எங்கே வைக்கலாம் என்று பார்த்தாள். நீ படுக்கப் போகும் அறையில் கொஞ்ச நேரம் நின்றாள். நான் டீ போட்டேன்.

"தம்பி இங்க வந்து தங்கறதுல உங்களுக்குச் சம்மதம்தானே?"

"ம்."

அவள் எழுத ஆரம்பித்தாள். பிறகு பேனாவை நிறுத்தி, "உங்க ஹேண்ட்பேக் எங்கம்மா?" என்றாள்.

"ஏன்?"

"நான் உள்ள வந்ததுலேருந்து அதை நீங்க கீழயே வெக்கலை. டீ போடும்போதும் தோள்லயே கெடக்கு."

எனக்கே தெரியாது, க்ளென். என் வீட்டில், என் சமையலறையில். நவம்பரிலிருந்து அப்படித்தான் இருக்கிறேன் போல. குளிக்கும்போது அதைக் குளியலறைக் கொக்கியில் மாட்டுகிறேன். நீ அங்கே இருக்கிறாய், நான் இங்கே இருக்கிறேன், இருந்தும் மாட்டுகிறேன்.

அவள் அவசரப்படுத்தவில்லை. "இப்ப சொன்னதையே எழுதட்டுமா, இல்ல மாத்திக்கறீங்களா? காரணம் சொல்லணும்னு இல்ல" என்றாள்.

மாற்றிக்கொண்டேன்.

பேங்கில் ஆமாம் என்று ஒரு பொய் சொன்னேன், உன் மேல் போலீஸ் வரக் கூடாது என்று. அவளிடம் இல்லை என்று சொன்னது பொய் இல்லை. இரண்டையும் நான்தான் சொன்னேன். ஒன்றை வைத்து மற்றதை அழிக்க முடியவில்லை.

உன் துணிகள் அலமாரியில் இருக்கின்றன. எறிய மாட்டேன். செப்டம்பரில் எங்கே அனுப்ப வேண்டும் என்று எழுது.

ஜனீன்


சிறை, பி பிரிவு
மார்ச் 27

அக்கா,

உன் கடிதத்துக்கு முன்னால் எனக்குச் செய்தி வந்துவிட்டது. கதவைத் திறந்தார்கள். "அட்ரஸ் போச்சுப்பா, க்ளென். வேற யாராவது இருக்காங்களா, சித்தப்பா, மாமா, யாராவது?" என்று அதிகாரி கேட்டார். யோசிக்கிற மாதிரி நின்றேன். யாரும் இல்லை.

பேங்க் தாளில் நீ கொடுக்கவில்லை என்று போட்டுவிட்டாய் என்று நினைத்தேன். போலீஸுக்காகக் காத்திருந்தேன். மூன்று நாள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. உன் கடிதம் வந்தது. கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே படித்தேன்.

கோபம் இல்லை. அப்படி எழுத வேண்டும் என்று நினைத்து எழுதவில்லை. தேடிப் பார்த்தேன், இல்லை. இருந்தது வேறு ஒன்று. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

படித்து முடித்ததும் பேனாவை எடுத்தேன். மே முதல் செப்டம்பர் வரை மட்டும், அக்கா, என்று எழுதினேன். அடித்தேன். ஒரு மாதம், அதற்குள் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன். அடித்தேன். ஒரு வாரம், சோஃபாவில், உன் அறைக்குப் பூட்டுப் போட்டுக்கொள். அதையும் அடித்தேன். முகவரிக்கு மட்டும் ஒப்புக்கொள், இரண்டு நாளில் நானே போய்விடுகிறேன். அந்த வரி நன்றாக அமைந்துவிட்டது. படித்துப் பார்த்தபோது நீ இரங்கிவிடுவாய் என்று எனக்கே தெரிந்தது. தாளைக் கிழித்துக் கழிப்பறையில் போட்டேன். தண்ணீர் இழுத்த பிறகும் மூளை அடுத்த வரியைத் தேடிக்கொண்டிருந்தது.

எனக்கு என்னைக் கண்டே பயமாக இருக்கிறது.

இந்தக் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. பலமுறை பார்த்துவிட்டேன். அடுத்ததில் இருக்கலாம். ஏப்ரலில் இருக்கலாம், மே நெருங்கும்போது நிச்சயம் இருக்கும். நன்றாகவும் எழுதியிருப்பேன். அப்படி வரும் கடிதத்துக்குப் பதில் போடாதே. ஒரு வரிகூட வேண்டாம்.

க்ளென்